சிப்பிமேட்டில் விளக்கக் கூட்டம்

…பரிசீலனையில் இருக்கிறது, அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு மேடையை விட்டு இறங்கிவிடு எழிலு, மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மாவட்டம் போனில் சொல்லி முடித்து எவ்வளவு நேரம் ஆகிறது, இன்னும் அந்தக் குரல் காதை விட்டுப் போகவில்லை, மாவட்டம் என்றால் எங்கள் கட்சியின் மாவட்டச் செயலாளர், கட்சியில் ஆளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற பழக்கம் கிடையாது, பதவிதான் பேர், மாவட்டம் வந்தாச்சு, வட்டம் டீ குடிக்கப் போயிருக்கு, பகுதிக்கு சுகர் ஏறிப்போச்சு என்றுதான் பேச்சு, நான் எம்மெல்லே, எழில்மொழி என்று அப்பா ஆசையாக வைத்த பேர் போஸ்டரில் மட்டும்தான் இருக்கிறது. என்ன பரிசீலனை, எதைப் பரிசீலிக்கிறார்கள், செத்த பிணத்துக்கு யாராவது நாடி பிடித்துப் பார்ப்பார்களா, எங்கள் கடலோர மசோதா திரும்பி வந்துவிட்டது, மேலே ஒப்புதல் கொடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள், இன்று காலை கோட்டையில் என் காதாலேயே கேட்டேன், அது சட்டம் இல்லை, ஒரு நாளும் சட்டமாக இருந்ததில்லை, இதைத்தான் இன்னும் கொஞ்ச நேரத்தில் சிப்பிமேட்டு ஜனங்கள் முன்னால் நின்று சொல்லவேண்டும், அல்லது சொல்லாமல் விடவேண்டும். நாளை சாயங்காலத்தோடு மாற்று வீட்டுக்குப் பதிவு செய்கிற கவுண்டரை மூடுகிறார்கள். இன்றைக்குச் சொன்னால் நாளை ஒரு பகல் அவர்களுக்கு மிச்சம். சொல்லாவிட்டால் அதுவும் போச்சு, வீடும் இல்லை, மாற்று வீடும் இல்லை, ஆக்கிரமிப்பாளர் என்று ஒரு பட்டம்தான் மிச்சம். முருகா, இந்த லாரி நகருமா நகராதா, முருகா என்று நான் சொல்வதை அப்பா கேட்டிருந்தால் நாத்திகன் வீட்டில் பிறந்த கழுதை என்று திட்டியிருப்பார், திட்டட்டும், எனக்கு இப்போது யாராவது வந்து திட்டினால்கூடத் தேவலை.

காசிமேடு தாண்டி வண்டி நின்றதுதான், நின்றபடியே நிற்கிறது. முன்னால் கன்டெய்னர் லாரி, பின்னால் கன்டெய்னர் லாரி, துறைமுகத்துக்குள் போவதற்கு எண்ணூரிலிருந்து வரிசை கட்டி நிற்கிற லாரிகள் போதாதென்று எதிர்ப்பக்கத்திலும் புகுந்து ரோட்டையே அடைத்துவிட்டன, டிரைவர்கள் ஸ்டவ்வை இறக்கி வைத்துச் சப்பாத்தி சுட ஆரம்பித்துவிட்டார்கள், அவர்களுக்கென்ன, நாளைக்குப் போனாலும் கப்பல் நிற்கும். "அக்கா, இது வேலைக்கு ஆவாதுக்கா, ஒரு இஞ்ச்சுகூட நவுர மாட்டேங்கிறான், இறங்கி நடந்தாகூட சீக்கிரம் போய்டலாம் போல கீது" என்கிறான் ரஷீது, ராயபுரத்துப் பையன் என்று சொல்லிச் சொல்லியே அவனுக்கு நாற்பது வயதாகிவிட்டது, நான் கவுன்சிலராக இருந்த நாளிலிருந்து என் சுமோவை ஓட்டுகிறவன், என் முகத்தைக் கண்ணாடியில் பார்த்தே என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டிருப்பான், கேட்க மாட்டான், கேட்டால் அழுதுவிடுவேன் என்று அவனுக்குத் தெரியும். நகர வேண்டாம் ரஷீது, இப்படியே நிற்கட்டும், விடிய விடிய நிற்கட்டும், டிராபிக்கில் மாட்டிக்கொண்டேன் என்று சொல்லிவிடலாம், அதைவிடப் பெரிய காரணம் இந்த ஊரில் எதற்குமே தேவையில்லை, கல்யாணத்துக்கு வராதவனும் கருமாதிக்கு வராதவனும் கன்டெய்னர்மேல்தானே பழி போடுகிறான்… சீ, நானா இப்படி நினைக்கிறேன், இந்த லாரிக்காகத்தானே ரோட்டை அகலம் பண்ணுகிறேன் என்று சிப்பிமேட்டை எடுக்கப் பார்க்கிறார்கள், அதை நிறுத்துவேன் என்றுதானே ஓட்டு வாங்கினேன், இப்போது அதே லாரிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள இடம் தேடுகிறேனா.

ஜன்னலை இறக்கினால் ஒரே கருவாட்டு வாசனை, அதற்குமேல் மணலிப் பக்கத்து ஆலைகளிலிருந்து வருகிற அந்த முட்டை அழுகின நெடி, எனக்கு இது இரண்டும் சேர்ந்தால்தான் மூச்சு சரியாக வரும், கோட்டையில் உட்கார்ந்திருந்தால் ஏசியில் மூக்கு அடைத்துக்கொள்ளும். சிப்பிமேட்டில் பிறந்தவள் நான். நான் பாவாடை கட்டின காலத்தில் எங்கள் வீட்டுக்கு முன்னால் இரண்டு தெரு இருந்தது, ஒரு பள்ளிக்கூடம் இருந்தது, வலை காயப்போடுகிற மணல் இருந்தது, எல்லாவற்றையும் கடல் தின்றுவிட்டது, இப்போது கருங்கல் கொட்டி வைத்திருக்கிறார்கள், கல்லுக்கு இந்தப் பக்கம் வீடு, வீட்டுக்கு அந்தப் பக்கம் ரோடு. கடல் கிழக்கேயிருந்து வந்தது, சரி, அதனிடம் யார் மனு கொடுப்பது, ரோடு மேற்கேயிருந்து வந்தபோதுதான் மனு, ஊர்வலம், மறியல் எல்லாம் செய்தோம். ஊருக்கு வெளியே, கடல் வாடையே வராத இடத்தில், நாலு மாடி கட்டி, குடும்பத்துக்கு ஒரு வீடு தருகிறோம், டோக்கன் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள், குடித்துவிட்டு விற்றுவிடுவான் என்று ஆம்பளை பேரில் தராமல் பொம்பளை பேரில்தான் தந்தார்கள், அங்கே போய் என்ன பண்ணுவது, மாடியிலிருந்து தூண்டில் போடுவதா. அப்போதுதான் மசோதா வந்தது. கடலோரத்தில் தலைமுறையாகக் குடியிருக்கிறவர்களை அவர்கள் சம்மதம் இல்லாமல் எடுக்கக் கூடாது, அவ்வளவுதான் அதன் சாரம், நான் சட்டமன்றத்தில் முதல்முதலாக மைக் பிடித்துப் பேசியதே அதற்காகத்தான், சிப்பிமேடு என்ற பேர் அவைக் குறிப்பில் ஏறியது, ஆம் என்போர் ஆம் என்க என்றதும் நான் கத்தின கத்தில் பக்கத்து சீட்டுக்காரர் காதைப் பொத்திக்கொண்டார்.

அன்று சாயங்காலம் இதே வண்டியில்தான் வந்தேன், இதே ரோட்டில், அன்றைக்கும் லாரி நின்றிருக்கும், ஞாபகமே இல்லை, பறந்து வந்த மாதிரிதான் இருக்கிறது. வண்டியை விட்டு இறங்குவதற்குள் சரவெடி, மேளம், யாரோ என் வாயில் லட்டைத் திணித்தார்கள், மென்றுகொண்டே கத்தினேன், சட்டம் வந்துடுச்சு, நம்ம ஊரை யாரும் ஒண்ணும் புடுங்க முடியாது. சட்டம் வரவில்லை, மசோதா நிறைவேறியிருக்கிறது, இன்னும் ஆளுநர், அவர் அனுப்பினால் டெல்லி, அங்கே கையெழுத்து, அப்புறம் அரசிதழ்… எனக்குத் தெரியாதா, தெரியும், ஆனால் சரவெடிக்கு நடுவில் நின்றுகொண்டு யார் பாடம் எடுப்பார்கள், ஒரு மாதத்தில் வந்துவிடும் என்று எல்லோரும்தானே சொன்னார்கள், சம்பிரதாயம்தானம்மா, சம்பிரதாயக் கையெழுத்துதானம்மா என்று. நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். எங்கள் ஊர் அதோடு நிறுத்தவில்லை. ஊர்த் தலைவர் சுப்பராயன் அண்ணன் அன்றைக்கே கூட்டம் போட்டார், சட்டம் வந்தாச்சு, இனிமே எவனாவது தனியா போய் டோக்கன் வாங்கினா ஊரு உடைஞ்சிடும், எல்லாரும் டோக்கனைத் திருப்பிக் குடுக்கறோம், கட்டு போடறோம் என்றார். எங்கள் குப்பத்தில் ஊர்க்கட்டு என்றால் விளையாட்டு இல்லை, கங்கையம்மன் முன்னால் தாம்பாளத்தில் கற்பூரம் கொளுத்தி, வீட்டுக்கு ஒரு கை அந்த நெருப்புக்கு மேல் வைத்துச் சத்தியம் பண்ணவேண்டும், ஆம்பளை இருக்கிற வீட்டில் ஆம்பளை கை, இல்லாத வீட்டில் பொம்பளை கை, மீறினால் தள்ளி வைப்பார்கள், யாரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள், தண்ணி லாரியில் குடம் வைக்க முடியாது, பிடித்த மீனை ஏலத்தில் கேட்க ஆள் இருக்காது. கட்டை அவிழ்க்கவேண்டுமென்றால் அதே கைகள் எல்லாம் திரும்பவும் அம்மன் முன்னால் வரவேண்டும். ஊர்க் கூட்டத்தில் பெண்கள் கை வைக்கலாம், வாய் திறக்கக் கூடாது, நான் எம்மெல்லேவாக இருந்தும் பந்தலுக்கு வெளியேதான் நின்றேன், வெளியே நின்று கை தட்டினேன்.

குப்பம்மா மட்டும் கேட்டாள். வாய் திறக்கக் கூடாத இடத்தில் வாயைத் திறந்து, "இன்னாங்கடா, கையெய்த்து ஆயிடுச்சா? எல்லாரும் கை தூக்கினாங்கோ, சரி, மேல ஒர்த்தரு கையெய்த்து போடணும்னு ரேடியோல சொல்றாங்களே, அது ஆயிடுச்சா?" என்று கேட்டாள். காசிமேட்டில் ஏலம் எடுத்துக் கூடை தூக்கி வண்ணாரப்பேட்டை வரைக்கும் நடந்து மீன் விற்கிறவள், புருஷன் கடலோடு போய்விட்டான், மகளின் குழந்தைக்கு அனல்மின் நிலையத்துச் சாம்பல் தூசியில் ஓயாத இழுப்பு, மாடி வீட்டுலயாவது காத்து நல்லா இருக்கும் என்று அவள் டோக்கனை விடுவதாக இல்லை. ஆளாளுக்குக் கத்தினார்கள், வாயை மூடு, உனக்கு ஊர் பெருசா வூடு பெருசா என்று. அப்போது யார் அவளைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போய்ப் பேசியது, வேறு யார், நான்தான், தோளில் கை போட்டு, குப்பம்மா, அந்தக் கையெழுத்து சும்மா ஒரு முறைக்கு, நான் சொல்றேன் இல்ல, நீ குடுத்துடு என்றேன், அவள் என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள், பார்த்துவிட்டுப் போய்க் கூடையில் டோக்கனைப் போட்டுவிட்டுக் கற்பூரத்துக்கு மேல் கையை வைத்தாள். அந்தக் கூடையை அதிகாரி மேஜையில் கொட்டினபோது போட்டோ எடுத்தார்கள், பேப்பரில் வந்தது, சிரிக்கிறேன், நடுவில் நின்று பல் எல்லாம் தெரியச் சிரிக்கிறேன்.

காலையில் கோட்டையில் சட்டத்துறை அதிகாரி ஒருவர், நல்ல மனுஷர், டீயை என் பக்கம் நகர்த்திவிட்டு வெகு சாதாரணமாகச் சொன்னார், உங்க கடலோர பில் வந்துடுச்சும்மா, அசென்ட் வித்ஹெல்டு, ஒப்புதல் இல்லைன்னுட்டாங்க, டெல்லிச் சட்டம் ஒண்ணோட மோதுதாம். வந்துடுச்சும்மா என்றதும் ஒரு நொடி எனக்கு நெஞ்சு குளிர்ந்தது பாருங்கள், அந்த ஒரு நொடியை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. அப்புறம், மறுபடியும் கொண்டுவரலாமா என்றேன், கொண்டுவரலாம்மா, அடுத்த கூட்டத்தொடர்ல, திருத்தி எழுதி, கமிட்டி போட்டு, என்றார். அதுவரைக்கும்? அதுவரைக்கும் பழைய நிலைதான். பதிவு கவுண்டரையாவது ஒரு மாதம் தள்ளிப் போடச் சொல்ல முடியுமா? அது வேற துறைம்மா, ஏற்கெனவே மூணு தடவ நீட்டிச்சுதான் நாளைக்குக் கடைசி நாளுன்னு வெச்சிருக்காங்கம்மா. அந்தத் துறைக்கு ஓடினேன், மந்திரி ஊரில் இல்லை, செயலாளர் மீட்டிங்கில், அவருடைய உதவியாளர் எனக்கு ஒரு நாற்காலி கொடுத்தார், அந்த நாற்காலியில் மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தேன், சட்டம் போடுகிறவள் உட்கார்ந்திருக்கிறேன், யாரோ என்னை மனு கொடுக்க வந்தவள் என்று நினைத்துப் பென்ஷன் செக்ஷன் அடுத்த மாடிம்மா என்றார்.

மாவட்டத்துக்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை, நான் கோட்டை வாசலைத் தாண்டுவதற்குள் போன். எழிலு, டெல்லியில யாரு நம்ம கூட்டாளி, மறந்துட்டியா, பார்லிமென்ட் எலெக்ஷன் வருது, நீ பாட்டுக்கு மேடையில ஏறி அவங்க மறுத்துட்டாங்கன்னு ஊளையிட்டா எவன் பதில் சொல்றது, பரிசீலனைன்னு சொல்லு, அதுவும் பொய் இல்ல, மறுபடி கொண்டுவரப் போறோம் இல்ல, அப்ப பரிசீலனைதானே? அண்ணே, நாளைக்குக் கவுண்டர் மூடறாங்கண்ணே என்றேன், அதுக்கு நீ இன்னா பண்ணுவே, நீ சொன்னா மட்டும் அவங்க போய் வாங்கிடுவாங்களா, கட்டு போட்டிருக்காங்க இல்ல, என்றார், அப்புறம் குரலைத் தாழ்த்தி, அடுத்த தடவ உனக்கு சீட்டு வேணுமா வேணாமா? ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டார். வேணும்ணே, ஏன் வேண்டாம், சாராயக்கடை மறியலில் மண்டை உடைந்து தையல் போட்டுக்கொண்டு வாங்கின சீட்டு, பொம்பளைக்கா இந்தத் தொகுதி என்று சிரித்தவர்களையெல்லாம் தாண்டி வாங்கின சீட்டு. அது போனால் நான் யார், திருவொற்றியூரில் வாடகை வீட்டில் இருக்கிற ஒருத்தி.

மடியில் வேதமாணிக்கம் சார் எழுதிக்கொடுத்த பேச்சு கிடக்கிறது, என் உதவியாளர், ரிட்டயர்டு வாத்தியார், போன வாரமே எழுதிவிட்டார், தொகுதி மக்களுக்கு உங்கள் சட்டமன்ற உறுப்பினர் அளிக்கும் விளக்கம் என்று தலைப்பு போட்டு அடிக்கோடு வேறு. குடிநீர் லாரி இரண்டு நடை கூடுதல், ரேஷன் கடைக்குக் கூரை, கல் தடுப்புக்கு மதிப்பீடு தயார், அப்புறம் நாம் நிறைவேற்றிய சட்டங்கள் என்று ஒரு பகுதி, அதில் ஒன்றுக்குக் கோர்ட்டில் தடை, இன்னொன்றுக்கு விதிமுறை இன்னும் எழுதவில்லை, எங்கள் கடலோர மசோதாவுக்கு மட்டும் சார் கொட்டை எழுத்தில் வெற்றி என்று எழுதியிருக்கிறார், பாவம், அவருக்கு நான் இன்னும் சொல்லவில்லை. யாருக்குமே சொல்லவில்லை. அம்மாவுக்குச் சொல்லவில்லை. அம்மா சிப்பிமேட்டிலேயேதான் இருக்கிறாள், அப்பா போன பிறகும் என்னோடு வந்து இருக்க மாட்டேன் என்று அந்த ஒற்றை அறை ஓட்டு வீட்டில், பச்சையம்மா என்றால் ஊரில் எல்லாப் பெண்களுக்கும் ஒரு பயம், பிரசவமோ சாவோ அவள் வந்து நின்றால்தான் வேலை நடக்கும். அப்பா சாமி இல்லை என்று ஊர்வலம் போவார், அம்மா அதே நேரம் கங்கையம்மனுக்குக் கூழ் ஊற்றிக்கொண்டிருப்பாள், இரண்டு பேரும் ஒரு நாள் சண்டை போட்டுப் பார்த்ததில்லை. அம்மாவை எதற்கும் சம்மதிக்க வைக்க என்னால் முடிந்ததில்லை, ஊசி போட்டுக்கொள், கண் ஆபரேஷன் பண்ணிக்கொள், செருப்புப் போடு… ஒன்றுக்கும் மசிய மாட்டாள், ஒரே ஒரு முறைதான் நான் சொன்னதும் கேட்டாள், அன்று, ஆம்பளை இல்லாத வீட்டுக்குக் கை வைக்கக் கூப்பிட்டபோது, போய் வைம்மா என்று நான் சொன்னேன், முதல் ஆளாகப் போய் வைத்தாள்.

"அக்கா, வயி உட்டான், புட்சிக்கோ" என்று ரஷீது வண்டியைத் திருகினான், ஒரு லாரிக்கும் கல் குவியலுக்கும் நடுவில் சுமோ உரசிக்கொண்டு புகுந்தது, ஐயோ வழி விட்டுவிட்டானே. கடலோரமாகவே போனோம், இருட்ட ஆரம்பித்திருந்தது, அலை கல்லில் அடித்து ரோடு வரைக்கும் தெறித்தது, காய்ச்சல் என்று சொல்லலாமா, மயக்கம் வந்த மாதிரி விழலாமா, நிஜமாகவே மயக்கம் வந்தால் நன்றாக இருக்குமே என்று ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு யோசனை, எல்லாம் சின்னப் பிள்ளை ஸ்கூலுக்குப் போக மறுக்கிற யோசனை. அதற்குள் டியூப் லைட் தெரிந்தது, கொடிக்கம்பம் தெரிந்தது, "நம் வீட்டுப் பெண்ணே, சட்டம் தந்த சிங்கமே" என்று துணி பேனரில் என் மூஞ்சி இரண்டு ஆள் உயரத்துக்குத் தெரிந்தது, மேளக்காரன் வேறு ஆரம்பித்துவிட்டான். ரஷீது என்ஜினை நிறுத்தாமல் திரும்பிப் பார்த்தான், "இன்னாக்கா, திருப்பிடவா?" என்றான், கேட்டேவிட்டான், இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக. நான் கதவைத் திறந்துகொண்டு இறங்கினேன், எப்படி இறங்கினேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது.

மேடையில் மாவட்டம் உட்கார்ந்திருந்தார், என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். பக்கத்தில் சுப்பராயன் அண்ணன், வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி. கீழே ஆம்பளைகள் கொஞ்சம் பேர்தான், லாஞ்சுகள் எல்லாம் கடலுக்குப் போயிருந்தன, பெண்கள்தான் தரையில் சாக்கு விரித்து நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள், முன் வரிசையில் அம்மா, முதுகை நிமிர்த்தி, இரண்டு வரிசை தள்ளி குப்பம்மா, மடியில் அந்த இழுப்புக் குழந்தை. சால்வை, மாலை, இன்னொரு மாலை, மைக்கைப் பிடித்தேன், தண்ணி லாரி என்று ஆரம்பித்தேன், கை தட்டினார்கள், ரேஷன் கடை என்றேன், தட்டினார்கள், அடுத்த வரி வெற்றி என்று சாரின் எழுத்தில் இருந்தது, அதைப் பார்த்தேன், மாவட்டத்தைப் பார்த்தேன், பரிசீலனை என்ற வார்த்தை நாக்கு நுனியில் உருண்டுகொண்டே இருந்தது, சத்தியமாகச் சொல்கிறேன், அதைத்தான் சொல்ல வாயைத் திறந்தேன். அந்தக் குழந்தை இருமியது. அதனால் மனசு மாறினேன் என்று சொன்னால் பொய், குழந்தை எப்போதும்தான் இருமுகிறது, இருமி முடிக்கட்டும் என்று நான் நிறுத்தினேன், நிறுத்தின அந்த இடைவெளியில் எல்லோரும் என்னையே பார்த்தார்கள், அவ்வளவு நம்பிக்கையாகப் பார்த்தார்கள், எனக்குக் கோபம் வந்தது, ஏன் இப்படி என்னை நம்புகிறீர்கள் என்று ஒரு கோபம், "சட்டம் வரல" என்று கத்திவிட்டேன். "சட்டம் இல்ல. மேல திருப்பி அனுப்பிட்டாங்க. கையெழுத்து போட மாட்டேன்னுட்டாங்க. நாளைக்கு சாயங்காலம் கவுண்டர மூடிடுவாங்க, அதுக்குள்ள போய் டோக்கன் எடுத்துடுங்க, அது தப்பினா நடுத்தெருதான்" என்றேன், மைக் அதற்குள் செத்துவிட்டது, யார் கண்ணைக் காட்டினார்கள் என்று பார்க்கக்கூட இல்லை, தொண்டை கிழியக் கத்தினேன்.

திட்டுவார்கள், செருப்பு பறக்கும் என்று நினைத்தேன், அதற்குத் தயாராகக்கூட இருந்தேன், ஒன்றும் இல்லை. மாவட்டம் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு என்னைப் பார்க்காமலே இறங்கிப் போனார், அந்தத் துண்டோடு என் சீட்டும் போயிற்று, போகட்டும். சுப்பராயன் அண்ணன்தான் மெதுவாகப் பேசினார், "சரிம்மா, நீ சொல்லிட்டே. கட்டு கீதே. அத்த அவுக்கணும்னா லாஞ்சு கரைக்கு வரணும், கை வெச்ச ஆளுங்கோ எல்லாம் வரணும், வெள்ளிக்கியமதான் வருவாங்கோ." அண்ணே, நாளைக்குக் கடைசி நாளுண்ணே, வெள்ளிக்கிழமை அங்க பூட்டுதான் தொங்கும் என்றேன். "அதுக்கு நானு இன்னா பண்றது எயிலு? உங்க சபைக்கு மேல ஒர்த்தரு ஒத்துக்கலன்னா சட்டம் இல்லன்றே. எங்க ஊர்லயும் அப்டித்தான், ஒரு கை கொறஞ்சாலும் கட்டு அவுராது." அவர் கிண்டல் பண்ணவில்லை, அந்த மனுஷர் கண்ணில் தண்ணீர் நின்றது. நான் பெண்கள் பக்கம் திரும்பினேன், டோக்கன் உங்க பேர்லதான் கீது, உங்க கையெழுத்துதான் வேணும், நீங்க போனா போதும், நாளைக்குக் காலைல கவுண்டர் வாசல்ல நானும் நிக்கறேன் என்றேன், ஊர்க்கட்டை மீறச் சொல்லி, ஊருக்கு நடுவில் நின்றுகொண்டு, சட்டம் போடுகிற நான்.

குப்பம்மா எழுந்தாள், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு. என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "நானு வரேன். அன்னிக்கே கேட்டேன், எவளும் கேக்கல. தள்ளி வெச்சா வெச்சிக்கினு போங்க, வூடு போனப்பறம் எந்த ஊர்லருந்து தள்ளுவீங்கோ?" என்றாள். மற்றவர்கள் அவளைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை, ஒவ்வொருத்தியாக அம்மா பக்கம் திரும்பினார்கள், எனக்கு அப்போதுதான் புரிந்தது, பச்சையம்மா போனால் இவர்கள் அத்தனை பேரும் போவார்கள், பச்சையம்மா போகாவிட்டால் குப்பம்மா ஒருத்திதான். மேடையிலிருந்து இறங்கி அம்மாவுக்கு முன்னால் சாக்கிலேயே உட்கார்ந்துவிட்டேன், கழுத்தில் மாலையோடு. அம்மா, நீ வந்தா எல்லாரும் வருவாங்கம்மா, ஒரு நாள்தாம்மா கீது, என்றேன். அம்மா என் மாலையைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தாள். "நீ சட்டம்னு சொன்னே, அத்த நம்பி நானு ஆத்தாளுக்கு முன்னாடி கை வெச்சேன்டி. உன்னுது வாணாம்னா திருப்பி அனுப்பிடுவாங்கோ. என்னுத யாருடி திருப்பி அனுப்புவாங்கோ?" கத்தவில்லை, கேட்டாள், பதில் தெரிந்துகொள்ளவே கேட்கிற மாதிரி கேட்டாள்.

அம்மா முழங்காலில் கை ஊன்றி எழுந்தாள், புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டு பெண்களுக்கு நடுவில் நடந்தாள், அவர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள், நேராகப் போனால் வீடு, வீட்டைத் தாண்டினால் கோயில், வெளிச்சம் அந்தப் பக்கம் கிடையாது, எங்கே போகிறாள் என்று தெரியவில்லை, நாளைக் காலை நான் அந்த வாசலில் நிற்பேன், குப்பம்மா வருவாள், குழந்தையோடு வருவாள், அம்மா… வருவாளா, வந்தால் எதை விட்டுவிட்டு வருவாள், நான் ஓடிப்போய் அவளைப் பிடித்து நிறுத்தவேண்டும் என்று இருந்தது, நிறுத்தி என்ன சொல்ல, அன்றைக்கு நான் அவளிடம், கை வைக்கிறாயாம்மா என்று கேட்டேனா, போய் வை என்றுதானே சொன்னேன், இப்போதும் வா என்றுதானே சொன்னேன், கேட்கவே இல்லையே.